அறுபது மார்க் மழை

கோவில்பட்டி
அக்டோபர் 12

அன்பு மகள் தஸ்னீமுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி அஸ்லமும் இறைவன் கருணையால் சுகம், மழையின் சுகத்தைப் பற்றித்தான் தகவல் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் மழை பெய்யும் அந்த நார்வே ஊரில் நீ காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறோம். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்கிறாள், அதனால் காகிதம். அஸ்லம் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், படித்துவிடுவானோ என்று பயப்படாதே, அந்தப் பழக்கம் அவனுக்கு இல்லை.

முதலில் உன் புகழ். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சூடு, உப்பு, நீரோட்டம் எல்லாம் கணினியில் கணக்குப் போடுவதுதான் உன் ஆராய்ச்சி என்று நம் விதைக் கடைக்கு வருகிறவர்களிடம் விளக்கினேன். கட்டம் என்றதும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நம்ம ஜோசியர் பன்னிரண்டு கட்டத்தை வைத்தே அந்தப் போடு போடுகிறார், பாய் மகள் லட்சம் கட்டம் பார்க்கிறாளாம் என்று இடைசெவல் வரை பேச்சு. இரண்டு பேர் ஜாதகத்தோடு வந்தார்கள், நீ கடலுக்கு மட்டும்தான் பார்ப்பாய் என்று சொல்லி அனுப்பினேன். பழைய மாடலில் கட்டம் பெரிதாக இருந்ததால் கோவில்பட்டியே கடலுக்குள் கிடந்தது, இப்போதுதான் கரையேறியிருக்கிறது என்று போன வருஷம் சொன்னாயே, அதை மட்டும் நான் வெளியே விடவில்லை. தாலுகா ஆபீஸ் காதில் விழுந்தால் பட்டாவை வாங்கி நீர்நிலைப் புறம்போக்கு என்று எழுதிவிடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இடைசெவல் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி, இருபது வருஷமாக நம்மிடம் உளுந்து விதை வாங்குகிறவர், இந்த வருஷம் மழை முந்துமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். அது என் வேலை இல்லை அத்தா என்று நீ மூன்று முறை சொன்னாய், நான் நான்கு முறை கேட்டேன். கடைசியில், புரட்டாசி நடுவிலேயே நல்ல மழை வர அறுபது சதவீதம் வாய்ப்பு என்று எங்கள் கணக்கு சொல்கிறது என்றாய். அதை நான் கடையில் அறிவித்தேன். சதவீதம் என்றால் இங்கே மார்க்தான், முப்பத்தைந்து வாங்கினாலே பாஸ். விதை வாங்க வந்திருந்த செண்பகராஜ், "அறுபதுன்னா பர்ஸ்ட் கிளாஸ்லா பாய், எம்மவன் அம்பத்தெட்டை வச்சுக்கிட்டே பாலிடெக்னிக் முடிச்சிட்டான்" என்று சொன்னதும் மழை பாஸாகிவிட்டது. வழக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஊர் முழுக்க, வரப்போகும் மழையை நம்பிக் காய்ந்த புழுதியில் விதைத்தார்கள். நம் கடையில் உளுந்து விதை ஒரு மூட்டைகூட மிஞ்சவில்லை.

போன ஞாயிறு மழை பெய்ததா என்று கேட்டாய், கறுத்துக் கிடக்கிறது என்றேன். நான் சொன்னது வானத்தை இல்லை, நம் கரிசல் மண்ணை. பத்து நிமிஷத் தூறல் ஒன்று வந்தது உண்மை. அதை நம்பி விதை முளைத்தது, பிறகு பதினாறு நாள் வெயிலில் கருகியது. முளைக்காததை மயில்கள் கிளறித் தின்றன, உன் கணிப்பில் முழுத் திருப்தி அவற்றுக்கு மட்டுமே. செண்பகராஜின் பங்காளி உக்கிரபாண்டி, டீக்கடையில் என் காது பட, "மக அங்கன இருந்து மழைன்னு சொல்லுதா, அப்பா இங்கன இருந்து விதையை விக்காரு. நல்ல கம்பெனி" என்றார். முப்பது வருஷக் கடையில் இப்படி ஒரு சொல் விழுந்ததில்லை.

அவரிடம் சண்டைக்குப் போக எனக்கு வாய் வரவில்லை தஸ்னீம். வருவதற்கு அறுபது, வராமல் போவதற்கு நாற்பது, இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள் என்று நீ அன்றைக்கே சொன்னாய். நான் நாற்பதை விழுங்கிவிட்டேன். விதை விற்பதற்காக இல்லை, அல்லாஹ் அறிவான். பாய் மகள் இவ்வளவு படித்தும் தயங்கித் தயங்கித்தான் பேசுகிறாள் என்று கடையில் யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக. நேற்று சுந்தரபாண்டியன் அண்ணாச்சியை உட்காரவைத்து இதைச் சொன்னேன். நாற்பது தெரிந்திருந்தாலும் விதைத்திருப்பீர்கள்தானே என்றும் கேட்டேன், ஆமாம் என்பார் என்று எதிர்பார்த்து. "நாப்பதைச் சொல்லியிருந்தா அஞ்சு ஏக்கர்ல மூணை விதைச்சிட்டு ரெண்டைச் சும்மா போட்டு வச்சிருப்பேன் பாய். அதைப் போயி மறைச்சிட்டியளே" என்றார். நீ ஆறு வருஷம் படித்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

கயத்தாறிலிருந்து விதை வரவழைத்திருக்கிறேன், இன்னும் ஒரு தடவை விதைக்க மட்டுமே அது போதும். எப்போது போடுவது என்று அண்ணாச்சி கேட்கிறார், கோபத்தோடுதான் கேட்கிறார். உன் நம்பரை அவரிடமே கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார். அது என் வேலை இல்லை என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, இந்த ஒரு தடவை சொல்லாதே. தெரியாததைத் தெரியாது என்றே சொல், அவருக்கு அதைக் கேட்டு நடக்கத் தெரியும். அந்த நேரம் நான் பள்ளிவாசலில் இருப்பேன், குறுக்கே பேச ஆள் கிடையாது.

டாக்டர் எழுதிய வைட்டமின் மாத்திரையை விட்டுவிடாதே, வெயிலில்லாத ஊர். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த ஆரோக்கியமும், சொன்னதை அப்படியே கேட்கும் மனிதர்களையும் தரட்டும். வெள்ளிக்கிழமை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

துஆவுடன்,
உன் அத்தா
ஷம்சுல் ஆலம்