சிப்பிக் கடைத் தண்ணீர்

செப்டம்பர் 10, 1961, ஞாயிறு

இன்று எங்கள் கடையில் சிப்பி மளமளவென்று விற்றது. எங்கள் தரந்தோ ஊர்க்காரர்கள் வீடு போகும் வரை பொறுப்பார்களா? கடை முன்னாலேயே எலுமிச்சையைப் பிழிந்து பச்சையாக விழுங்கினார்கள். என் வீட்டுக்காரர் கத்தால்தோவுக்கு வாயெல்லாம் பல். எதிர்வீட்டு அனுன்சியாத்தாவின் மகள் தெக்லாவுக்குத்தான் ஒன்பது நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. ஏழு வயதுக் குழந்தை.

12, செவ்வாய்

டைபாய்டாம். தெருவில் இது நான்காவது வீடு. பழியெல்லாம் பால்காரி தொனாத்தா மேல். அவளுடைய பால் தூக்கை யாரோ எட்டி உதைத்தார்கள். "என் ஆட்டுக்கு என்னடி கொறச்சல்? வந்து பாருங்கடி!" என்று கத்தினாள். ஒருத்தியும் போகவில்லை. நானும்தான்.

14, வியாழன்

சுகாதார ஆய்வாளர் கடைக்கு வந்தார். சிப்பி வளர்கிற இடத்துத் தண்ணீர் சுத்தம்தானாம். "வாடாம இருக்க இங்க என்ன தண்ணி தெளிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"குழாய்த் தண்ணி சார்." கத்தால்தோ கண் இமைக்கவில்லை.

ஆய்வாளர் நம்பினாரோ என்னவோ. "காய்ச்சல்காரங்க மலம் சாக்கடைல போகுது. சாக்கடை கடல் படித்துறைல விழுது. அங்க ஒரு வாளி மொண்டு தெளிச்சாப் போதும். எலுமிச்சம்பழம் கிருமிய ஒண்ணும் பண்ணாது. கொதிச்சாத்தான் சாகும்."

அந்த வாளியை மொள்ளுவது நான். காலையும் மாலையும், சாக்கடைக் குழாய்க்குப் பத்தடி தள்ளி. ஐயோ, நான்தானா அந்தக் குழந்தைக்கு—

வீட்டுக்கு வந்ததும் கத்தால்தோவிடம் கேட்டேன். "வாய மூடு. கடை போனா தெருவுலதான் நிக்கணும்" என்றார்.

15, வெள்ளி

குழாயடியில் தண்ணீர் பிடித்து வந்து தெளித்தேன். கத்தால்தோ முறைத்தார். நேற்று வரை வாங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ. யாரிடமும் சொல்லவில்லை. கோழை.

17, ஞாயிறு

தெக்லாவுக்கு நினைவு தப்பிவிட்டது. தேவாலய வாசலில் அனுன்சியாத்தா, "அந்தப் பால்காரி ஊர விட்டே போகணும்" என்று அழுதாள். என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். என் தோளில்! இன்னும் சும்மா இருந்தால் நான் மனுஷியா?

18, திங்கள்

ஆய்வாளரிடம் போய் வாளித் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்தேன். மதியத்துக்குள் கடைக்குச் சீல். அனுன்சியாத்தா எங்கள் வாசலில் துப்பிவிட்டுப் போனாள். "எவளாவது சொந்தப் புருஷன் பொழப்புல மண்ணள்ளிப் போடுவாளா?" என்றார் கத்தால்தோ. அதோடு பேச்சு நின்றது.

தெருவில் எல்லா வீட்டிலும் சிப்பியை வேகவைக்கிறார்கள். தண்ணீரையும் காய்ச்சுகிறார்கள்.

அக்டோபர் 8, ஞாயிறு

தெக்லா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இரண்டு வாரமாகப் புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லை. அந்தத் தைரியத்தில் தொனாத்தா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஆய்வாளர் கடைக்கு வந்தாரே, அந்த வியாழக்கிழமை."

"திங்கக்கிழமைதானே போய்ச் சொன்னே?"

"ஆமா."

"நடுவுல வந்த சனிக்கிழமை ஆட்டையெல்லாம் வித்துட்டேன்டி, கோசிமா."