பாதி மாத்திரை

பிப்ரவரி 6

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

சாமி புண்ணியத்தில் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கும் இல்லை என்று போனில் சொல்கிறீர்கள். கேட்டுக்கொள்கிறேன், ஆனால் மனசு ஒப்பவில்லை. நான் எதைக் கேட்டாலும் "ம்", "சரி", "பார்ப்போம்" என்று முடித்துவிடுகிறீர்கள். ஒரே ரூமில் அத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கும்போது பெண்டாட்டியிடம் வேறு என்னதான் பேசுவீர்கள், பாவம். அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுத்தில் பதில் சொல்லுங்கள். எழுத்தில் "ம்" போட முடியாது.

பாப்பா சைக்கிள் கற்றுக்கொண்டாள். இரண்டு முழங்காலிலும் சிராய்ப்பு, அழவில்லை. "அப்பாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவார்" என்றாள். உங்களைப் பற்றி இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஏணியில் நின்று வெல்டிங் அடிக்கும்போது தலை சுற்றியது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். உடனே அங்கே மழை பெய்கிறது என்று ஆரம்பித்துவிட்டீர்கள். மழையைப் பற்றி நான் கேட்கவில்லை. காலையில் விளக்கேற்றும்போது உங்களுக்காகத் தனியாகக் கொஞ்ச நேரம் நிற்கிறேன். சாமி தன் வேலையைப் பார்க்கும். நீங்கள் டாக்டரைப் பாருங்கள்.

பதில் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 19

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பாப்பா முழங்காலுக்கு மருந்து போடு. நான் பயப்படவில்லை என்று சொல்.

டாக்டரைப் பார்க்கச் சொன்னாயே, பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கட்டிடத்து வாசலில் ஒரு மேசை போட்டுக்கொண்டு ஒரு சமூக சேவகி உட்காருவார். எங்களை மாதிரி வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கு இலவசமாகப் பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்ப்பார். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும், அதனால் அவருக்குக் குடை மேடம் என்று பெயர் வைத்துவிட்டோம். என் கையில் பட்டையைக் கட்டி அமுக்கிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே அவர்களுடைய கிளினிக்குக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். தினம் ஒன்று, நிறுத்தவே கூடாதாம்.

இதைக் கேட்டால் சந்தோஷப்படுவாய். என் மேல் கட்டிலில் படுக்கிற பெயிண்டர் அண்ணனை உனக்குத் தெரியும். நான் வந்த புதிதில் எனக்குச் சோறு போட்டவர். அவருக்கும் என்னை மாதிரியே தலை சுற்றல், பிடரி வலி. ஆனால் கிளினிக்குக்கு வரமாட்டார். பழைய கம்பெனியில் சம்பளம் தராமல் இழுத்தடித்தார்கள் என்று வெளியே வந்தவர், இப்போது விசா, பெர்மிட் என்று கையில் ஒரு பேப்பரும் இல்லை. ஆஸ்பத்திரியில் பேர் கொடுத்தால் பிடித்து ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயம். அதனால் தினம் காலையில் கட்டர் பிளேடால் மாத்திரையை நறுக்கி ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்கிறோம். எதுவானாலும் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்று ஏர்போர்ட்டுக்குப் பஸ் ஏற்றிவிடும்போது நீதானே சொன்னாய்.

மேடத்துக்குத்தான் குழப்பம். "ஒழுங்கா மாத்திரை போடுறீங்களா? ஏன் பிரஷர் இறங்கவே இல்லை?" என்று கேட்டார். "ஒருநாள்கூட விட்டதில்லை மேடம்" என்றேன், அது பொய் இல்லையே. டாக்டர் மாத்திரையின் பவரைக் கூட்டிக் கொடுத்துவிட்டார். ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. இப்போது பாதியிலேயே முன்னைவிட அதிக மருந்து.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 2

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை வைத்ததையே மறந்துவிட்டேன். பொங்கி, வழிந்து, அடுப்பும் அணைந்து, வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

நான் சொன்னது சோற்றை. மாத்திரையை இல்லை.

நம் தெருக்கோடி சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் போய், யாரோ ஒருத்தருக்கு என்று சொல்லிக் கேட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாதி மாத்திரை போட்டா ரெண்டு பேருக்கும் சரியாகாது, ரெண்டு பேருக்கும் சரியாயிட்டு இருக்குன்னு நினைப்பு மட்டும் இருக்கும். அதுதான்மா ஆபத்து. அதுவும் அந்த இன்னொருத்தருக்கு அதே மாத்திரைதான் ஆகும்னு யார் சொன்னது? பார்க்கிற டாக்டர் பார்த்தாத்தானே தெரியும்?" என்றார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரர்தானே?" என்றார். அழுகையே பதிலாகிவிட்டது.

இனி உங்கள் மாத்திரை முழுசாக உங்கள் வாய்க்குப் போகவேண்டும். அப்படியென்றால் பெயிண்டர் அண்ணன் கதி என்ன என்று கேட்பீர்கள். உங்களை மட்டும் காப்பாற்று என்று வேண்ட எனக்கும் வாய் வரவில்லை. அதனால் அவரைக் குடை மேடத்திடம் எப்படியாவது கூட்டிப்போங்கள். உங்களிடம் அவர் பேப்பர் கேட்டாரா? எழுதுங்கள்.

கவலையோடு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 15

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

மேடம் என்னிடம் பேப்பர் ஒன்றும் கேட்கவில்லை. பேரும் வயதும்தான். அண்ணன் விஷயத்தையும் பேர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். "எங்க கிளினிக்கில் யார்கிட்டயும் பேப்பர் கேக்க மாட்டோம், தைரியமா வரச் சொல்லுங்க" என்றார். அதை அண்ணனிடம் சொன்னேன். "அந்தம்மா நல்லவங்கதான்டா. அவங்க பின்னாடி யாரு இருக்கான்னு உனக்குத் தெரியுமா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அவருக்கு மாத்திரை கொடுக்காமல் நான் மட்டும் எப்படி விழுங்குவது? காலையில் அவர் பிளேடையும் எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், காபிக்குக் காத்திருக்கிற மாதிரி. நேற்று சுவரில் பூசிக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையை விட்டு விழுந்துவிட்டதாம். விரல் கொஞ்ச நேரம் மரத்துப் போயிருந்தது, உதறிவிட்டதும் சரியாகிவிட்டது என்றார்.

ஒன்று மட்டும் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஊரில் அவர் வீட்டுக்கு இது எதுவும் தெரியக்கூடாது. கம்பெனியை விட்டதே அவர்களுக்குத் தெரியாது. நீயும் யாரிடமும் மூச்சு விடாதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 28

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

சத்தியம் செய்தது நீங்கள். நான் செய்யவில்லை.

மரத்துப்போன விரல் என்று படித்ததும் நர்ஸம்மாவிடம் ஓடினேன். அது பக்கவாதத்துக்கு முன்னால் வருகிற எச்சரிக்கையாக இருக்கலாம், ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது என்றார். மறுநாள் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் பெயிண்டர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். போன வருஷம் உங்கள் ரூம்காரர் ஒருவர் லீவில் வந்தபோது அண்ணன் வீட்டுப் பார்சலும் நம் வீட்டில்தானே இறங்கியது. வாங்க வந்த அண்ணி சொன்ன அடையாளம் ஞாபகம் இருந்தது.

அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, என்ன திடீர்னு? அங்கேயிருந்து எதாவது கொடுத்தனுப்பி இருக்காரா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"அண்ணன் எப்படி இருக்கார்?" என்றேன்.

"அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கார். கம்பெனியில புதுசா ஏசி ரூம் கொடுத்திருக்காங்களாம்."

மனசுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பெனி, பேப்பர், பாதி மாத்திரை, பிரஷ் விழுந்தது. அண்ணி மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியவர் விடவே இல்லை. கடைசியில், "காசு அனுப்புறது குறைஞ்சப்ப வேற பொம்பளை சகவாசம்னு நினைச்சேன். நாலு மாசமா சரியா பேசல நான். அதனாலதான் சொல்லாம இருந்தாரா?" என்று கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். சாப்பிட்டோம்.

நீங்கள் உங்கள் நண்பருக்குக் கொடுத்த வாக்கை நான் உடைத்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரும். தாராளமாகக் கோபப்படுங்கள். ஆனால் முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோபப்படுங்கள்.

என்றும் உங்கள்
வீட்டுக்காரி


ஏப்ரல் 20

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

கடிதமும் இல்லை, போனை எடுத்தால் பாப்பாவிடம் மட்டும் பேசிவிட்டு வைக்கிறீர்கள். "அம்மாகிட்ட கொடுக்கவா அப்பா" என்று அவள் கேட்கிறாள், அதற்குள் லைன் போய்விடுகிறது. தினமுமா போகும்.

நான் செய்தது தப்பு என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும், உங்களுக்கு நான் பொய் எழுதியதில்லை. பிரஷர் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பாப்பாவிடமாவது சொல்லுங்கள். அவள் என்னிடம் சொல்வாள்.

உங்கள் வீட்டுக்காரி


மே 4

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். பிரஷர் இறங்கியிருக்கிறது. மேடம் இரண்டு தடவை பட்டையைக் கட்டிப் பார்த்தார், அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

முதல் வாரம் உன்மேல் நிஜமாகவே கோபம். அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போய்விட்டார். "வீட்டுல சொல்லிட்டே இல்ல? இனி உன் மாத்திரை எனக்கு வேண்டாம்" என்றார். அவர் வாங்கவில்லை என்பதால்தான் நான் முழுசாகப் போட ஆரம்பித்தேன், உன் பேச்சைக் கேட்டு இல்லை. அப்புறம் கோபம் போய் வெட்கம் வந்துவிட்டது. உனக்கு எப்படி எழுத ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்று காகிதம் கிழித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், அண்ணன் சட்டை பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு என் கட்டில் பக்கத்தில் நிற்கிறார்.

"உன் வீட்டுக்காரி என் வீட்டுக்காரிக்கு என்னடா சொல்லிக் கொடுத்திருக்கா? தினம் காலையில ஒரு போன், ராத்திரி ஒரு போன். போனியா, போனியா, போனியா. நீங்க கொண்டாந்து கொட்டணும்னு நான் கேட்கலை, உசுரோட வந்தாப் போதும்னு அழறா. பிடிச்சுப் போட்டாலும் பரவால்ல, அங்கேயாவது போன் இருக்காது. வா போகலாம்."

கிளினிக்கில் அவர் கை என் முழங்கையை விடவே இல்லை. பேரும் வயதும் கேட்டார்கள். பேப்பர் கேட்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ரூமுக்கே விடவில்லை, மேடம் பொறுப்பில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஒரு பக்கம் விழுந்திருக்கும் என்றார்கள். என் மாத்திரை அவருக்கு ஆகவே ஆகாதாம், சிறுநீரகத்தில் ஏதோ கோளாறாம். அவருக்கு வேறு மாத்திரை. பழைய கம்பெனி பாக்கியையும் பேப்பரையும் பற்றிப் பேச ஒரு வக்கீலைப் பார்க்கலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். நடக்குமோ நடக்காதோ தெரியாது. அண்ணன் முதல்தடவையாகச் சரி என்று தலையாட்டினார்.

அரை மாத்திரை கதையையும் மேடத்திடம் சொல்லிவிட்டேன். பிறகு நீ பஸ் ஏறிப் போனதைச் சொன்னேன். "உங்க மனைவி எங்கே வேலை பார்க்கிறாங்க?" என்றார். "வீட்டுல" என்றேன். "எங்க ஆபீஸுக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் மெத்தையை மறுபடி என் மேல் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். இப்போது நான் எழுதுகிற இந்தத் தொட்டிப் பக்கத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"என்னடா எழுதுறே?"

"உங்களைப் பத்தித்தான்ணே."

"நல்லபடியா எழுது. அந்தம்மா மறுபடி பஸ் ஏறிடப் போறாங்க."

உன் வீட்டுக்காரன்