இரட்டைக் கோட்டுக் காக்கைப்பூச்சி

அரளிச் செடிகளிடையே மூச்சடக்கி நின்ற என் அன்பு மைத்துனா, தரணேந்திரா!

நீ மறைந்தபின் வந்த முதல் மழை ஓய்ந்துவிட்டது. திருப்பருத்திக்குன்றத்தில் உன் வீட்டுத் தோட்டத்து அரளியில் கூட்டுப்புழுக்கள் மீண்டும் தொங்குகின்றன. எங்கள் வீட்டுத் தறியில் ஓடும் சரிகையையும் விஞ்சும் மினுக்கு! "அவரு இல்லாட்டியும் இதுங்க வந்துக்கினுதான் இருக்குது, அண்ணா" என்றாள் உன் மனைவி பத்மாவதி. அவள் என்னை அண்ணா என்று அழைத்த நாளில்தானே நான் உனக்கு மைத்துனன் ஆனேன்?

கரும்பழுப்புச் சிறகு, ஓரமெங்கும் வெண்புள்ளி. காக்கைப்பூச்சி என்னும் இந்த வண்ணத்துப்பூச்சி எல்லாம் ஒன்றே என்றேன் நான். நீ சிரித்தாய். அது ஒரு பேரினம் என்றாய்; நம் அரளி தொடங்கிக் கீழ்க்கடல் தீவுகள்வரை பரந்தது, தீவுக்கொரு சாயல், சிலவற்றில் நீல ஒளி என்றாய். ஆண்பூச்சியின் முன்சிறகு மேற்புறத்தில் ஒரு கோடு இருந்தால் ஊரெங்கும் காணும் இனம். இரு கோடுகள் இருந்தால் வேறு சிற்றினம். சிறகை மூடி அமர்ந்தால் கோடு தெரியாது. அது விரிக்கும்வரை நாம்தான் நிற்கவேண்டும்.

நானா நிற்பவன்? நின்ற இடமெல்லாம் எனக்கு மேடை. "வாய மூடு மச்சான்! இன்னா கூட்டமா நடக்குது இங்க? பூச்சிக்குக் கைதட்டத் தெரியாதுபா!" அந்தக் குரலை இனி எங்கே போய்க் கேட்பேன்?

இரட்டைக் கோட்டினம் காஞ்சியிலும் உண்டு என்றாய். சென்னையிலிருந்த பூச்சியியல் அறிஞர் சான்றாக ஊசியில் குத்திய உடலைக் கேட்டார். "உயிர எடுத்துட்டு அதுக்குப் பேரு வெக்கறதா?" என்று திரும்பி வந்துவிட்டாய். புழுவை அவித்தெடுத்த இழை என்று என் திருமணத்துக்கே பருத்தி வேட்டியில் வந்து, பட்டு நெய்யும் என் சுற்றத்தாரை முகம் சுளிக்க வைத்தவன், ஊசியையா தொடுவாய்? தானாக இறந்த ஒன்று கிடைக்கட்டும் என்று காத்திருந்தாய். கிடைக்கவில்லை. இல்லாத பூச்சியைக் கண்டவன் என்ற ஏளனத்தோடு நீ போனாய். அதுதான் என் நெஞ்சில் தைத்த முள்.

சென்ற கிழமை உன் அரளிச் செடியில் ஒன்று சிலந்தி வலையில் அசையாமல் கிடந்தது. தொட்டேன், விறைத்திருந்தது. சிறகைப் பிரித்தேன். இரண்டு கோடுகள், தரணேந்திரா! கொலையன்று, தானே வீழ்ந்தது! என் பொதுக்கூட்டத் துண்டறிக்கையில் மடித்துக்கொண்டு சென்னைப் பேருந்தில் ஏறினேன். வழியெல்லாம் உனக்கான வெற்றியுரையை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன்.

அறிஞர் உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தார். "இரட்டைக் கோடுதான்" என்றார். ஊசியை எடுக்கக் கை நீட்டினார். அந்தப் பிணம் எழுந்தது! வால்முனையில் தூரிகைபோல் மஞ்சள் மயிர்க்கற்றை விரித்து, மேசையைச் சுற்றி, பலகணி வழியே பறந்தே போயிற்று.

"புடிச்சா செத்தா மாதிரி கெடக்கும், நம்பிடாத மச்சான்" என்று நீ எப்போதோ சொன்னது அப்போதுதான் நினைவில் உறைத்தது. அறிஞர் வயிறு குலுங்கச் சிரித்தார். "குருவியை ஏய்க்கும் நடிப்பு ஐயா, பேச்சாளரையும் ஏய்த்துவிட்டது!" நானும் சிரித்தேன், பாதிவரை. உன் பாடையருகே நின்று உன் இமை அசையுமென்று பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த நம்பிக்கையை எங்கிருந்து பெற்றேன்? நீயும் ஒருமுறை ஏய்த்திருக்கக் கூடாதா?

ஒரு நற்செய்தி உண்டு. "கண்ணால் கண்டதை மறுக்கமாட்டேன். அது வாழும் இடத்தில் இன்னொரு முறை காட்டுங்கள், உயிரோடு கண்டதாகவே பதிவேன்" என்றார் அறிஞர். வரும் ஞாயிறு காலை உன் தோட்டத்துக்கு வருகிறார்.

திடல் அதிர முழங்கிய இந்த வாய், அங்கே சிறகு விரியும்வரை ஒரு சொல்லும் உதிர்க்காது. இது நான் உனக்குத் தரும் உறுதி. விரிந்தபின், முதலில் கண்டவர் யார் என்று அவர் கேட்டால், உன் பெயரை மட்டும் சொல்வேன். அதற்குமேல் பேசமாட்டேன்.

வாய்மூடக் கற்றுக்கொண்டிருக்கும் உன் மச்சான்,
வேலவன்