அண்டா என்று அழைக்கப்பட்டவர்

ஜூன் 3

குட்டியின் அம்மாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று குட்டி சொன்னாள். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ ‘ம்’ என்பாய், நானும் ‘ம்’ என்பேன், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

கத்தரியை ஞாபகம் இருக்கிறதா? பட்டாளத்தில் எங்களுக்கு முடிவெட்டியவன். நம் கல்யாணத்தன்று உன் அண்ணனை உட்காரவைத்து மீசையைத் திருத்திவிட்டானே, அவன்தான். சண்டை நாட்களில் அவனுக்குக் கத்தரியும் கிடையாது, எனக்கு அடுப்பும் கிடையாது. சமையல்காரன், முடிவெட்டுபவன் எல்லோரும் ஸ்ட்ரெச்சர் தூக்கவேண்டும், அதுதான் அங்கே வழக்கம். அப்படி, என் தோளில் குண்டுச் சிதறல் ஏறிய அன்று, நாங்கள் இரண்டு பேரும் ஒரு குன்றிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கிய கேப்டன், ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எங்களுக்குப் பதக்கம் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். கத்தரியின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. என் பெயர் தெரியவில்லை. என் பெயர் அங்கே யாருக்குத்தான் தெரியும்? டீ அண்டாவை முதுகில் கட்டிக்கொண்டு குண்டு விழுகிற மேட்டில் ஏறிய நாளிலிருந்து நான் அண்டாதான். அவரும் ‘சமையல்காரர், அண்டா என்று அழைக்கப்பட்டவர்’ என்றே எழுதிவிட்டார். அப்படி ஒரு ஆளே பட்டாளத்தில் இல்லை என்று அலுவலகம் அதை மூட்டை கட்டிப் போட்டுவிட்டது. வீரத்துக்கு ஒன்று, காயத்துக்கு ஒன்று, இரண்டு பதக்கமும் அண்டாவுக்காக இத்தனை வருஷம் காத்திருக்கின்றன.

என் பணிப்பதிவில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். சமையல்காரனுக்குத் தோளில் காயம் என்றதும் எழுதியவனுக்கு அடுப்புதான் நினைவுக்கு வந்திருக்கிறது. ‘அடுப்பு விபத்து’ என்று போட்டுவிட்டான்.

இப்போது கேப்டனின் மகன் எல்லாவற்றையும் கிளறியிருக்கிறான். கேப்டனைக் கேட்க முடியாது, பெற்ற மகனையே யாரென்று கேட்கும் நிலையில் இருக்கிறாராம். அண்டாவும் நானும் ஒரே ஆள்தான் என்று, அந்தக் காலத்திலேயே தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொல்லவேண்டும். ஒன்று கத்தரி. மற்றவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதி நீதான்.

நான் கண்ணை மூடுவதற்குள் என் பெயருக்கு எதிரே இருக்கும் அந்த இரண்டு வார்த்தையை அடித்துவிட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை. முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு, தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

குட்டியின் அப்பா

ஜூன் 11

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதைப் பிரிக்கவே எனக்குக் கை வரவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டையில் காலர் இருக்கவேண்டிய இடத்தில் கைப்பட்டையை வைத்துத் தைத்துவிட்டேன். அந்தப் பாவம் உங்களையே சேரும்.

மனுஷருக்கு மனைவி ஞாபகம் எப்போது வருகிறது பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த மற்ற எல்லோரும் செத்த பிறகு! ‘மீதி நீதான்’ என்று எழுத உங்களுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ. இருந்தாலும் அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீங்கள் அப்படியேதான் இருக்கிறீர்கள்.

சாட்சி சொல்கிறேன். இதற்குப் போய் ‘முடியாது என்றால் முடியாது’ என்று எதற்கு ஒரு பீடிகை? உங்கள் ஆட்கள் ஒரு லாரி நிறைய வந்து இறங்கி, “அண்டா எங்கடா? மாப்பிள்ளை அண்டா எங்கே?” என்று கத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் அப்பா சமையல் கட்டுக்கு ஓடிப்போய் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் வெளியே எடுத்துவைத்தார். அதை நான் எப்படி மறப்பேன்?

குட்டிக்கு முட்டிவலி. நம் குட்டிக்கு முட்டிவலி வருகிற வயசாகிவிட்டது, நினைத்தால் எனக்கே நம்ப முடியவில்லை. அண்ணன் போன வருஷம் போய்விட்டார், உங்களுக்குக் குட்டி சொல்லியிருப்பாள். நான் போனேன், ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்த விருந்தில் அவர் உங்களைப் பேசிய பேச்சுக்குப் பிறகு நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. உங்களுக்காகத்தான். நீங்கள் அதைக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

எங்கே போகவேண்டும், யாரைப் பார்க்கவேண்டும் என்று எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஆஸ்பத்திரி முழுக்கச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் மட்டும் பட்டினி கிடக்கிற ஆள் நீங்கள்.

குட்டியின் அம்மா

ஜூன் 20

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கத்தரிக்குப் படித்துக்காட்டினேன். பாத்திரத்தை வெளியே எடுத்துவைத்த இடத்தில் அவனுக்குப் புரையேறிவிட்டது. ‘தங்கச்சி வாய் இன்னும் அப்படியே இருக்குடா’ என்றான்.

உங்கள் ஊரிலேயே முன்னாள் படைவீரர் அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் எழுதிக் கொடுத்தால் போதும், அவர்களே மேலே அனுப்பிவிடுவார்கள். நிறைய எழுதவேண்டாம். ‘இவரைத்தான் அண்டா என்று அழைத்தார்கள்’, அந்த ஒரு வரி போதும்.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் காலையில் போய் நிற்கிறேன். புதிதாக வந்தவனுக்கு உப்பு போடத் தெரியவில்லை. நோயாளிக்குச் சமைக்கிறோம் என்றால் உப்பே வேண்டாம் என்று யாரோ அவனுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அறையில் சும்மா உட்கார்ந்திருந்தால் கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம், அதற்கு அங்கே போய் நிற்பதே மேல்.

உன் அண்ணன் விஷயம் எனக்குத் தெரியாது. அவரோடு நீ பேசியிருக்கலாம்.

நன்றி. இதற்கெல்லாம் நன்றி சொன்னால் உனக்குக் கோபம் வரும், இருந்தாலும்.

குட்டியின் அப்பா

ஜூலை 9

குட்டியின் அப்பாவுக்கு,

போய்விட்டு வந்தேன். ஒரு வரி எழுதச் சொன்னீர்கள், நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நகலை இதோடு வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அந்த அதிகாரிக்கு நம் குட்டியை விட வயசு குறைவு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, “அண்டாங்கிறது உங்க வீட்டுக்காரர்தானாம்மா?” என்று கேட்டார். “நான் பாத்திரத்தைச் சொல்லலை சார், மனுஷனைத்தான் சொல்றேன்” என்றேன். சிரித்துவிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

பிறகு, “காயம் அடுப்பு விபத்துன்னு பதிவாயிருக்கே, அதைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டார். எனக்குச் சுரீர் என்று வந்துவிட்டது. என் கையைத் திருப்பிக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு ஒன்று இருக்கிறதே, அதை. “இது சூட்டுத் தழும்பு சார். வழவழன்னு இருக்கும், மேல்தோலோட நின்னுடும். அவரோடது அப்படி இல்லை. உள்ளே குழிஞ்சிருக்கும். எண்ணெய் தேய்க்கறப்போ அழுத்தினா அடியில அரிசி மாதிரி ஒண்ணு நழுவும். குளிர் வந்தா அந்தக் கையைத் தூக்க மாட்டார். அடுப்புல இருந்து இரும்பு பறந்து வந்து தோள்ல ஏறுமா? நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். “இதையெல்லாம் அப்படியே எழுதிக் கொடுங்கம்மா, இதுதான் வேணும்” என்றார். கை வலிக்க வலிக்க எழுதினேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன், காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தகரப் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது. சமையலறைக் குழாய் நீங்கள் நூல் சுற்றி மாட்டிவிட்டுப் போனது, யார் வந்து பார்த்தாலும் மாற்றச் சொல்கிறார்கள், நான் மாற்றவில்லை. முன்னறையில் மெஷினை ஒதுக்கினால் ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம். பேசியவரும் போய்விட்டார். இனி யாருக்காக அங்கே டயர் கடைக்கு மேலே கிடக்கவேண்டும்? பதிவு திருத்தி வரட்டும், வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்துவிடுங்கள். உப்பு நான் சரியாகத்தான் போடுவேன்.

குட்டியின் அம்மா

செப்டம்பர் 2

குட்டியின் அம்மாவுக்கு,

திருத்திவிட்டார்கள். ‘அடுப்பு விபத்து’ போய்விட்டது. ‘போர்முனையில் குண்டுச் சிதறல் காயம்’ என்று போட்டு, இரண்டு பதக்கத்தையும் சேர்த்திருக்கிறார்கள். கேப்டன் எழுதியது வீரத்தைக் காட்டியது, உன் சாட்சிதான் காயத்தைக் காட்டியது என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இருபதாம் தேதி இங்கே படைவீரர் மண்டபத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள். கத்தரி என்னோடு வருகிறான். நீ அலைய வேண்டாம்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. அந்த நகலை நான் பலமுறை படித்தேன். அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. என்னவென்று எனக்கே பிடிபட நாளாயிற்று.

குட்டியின் முதல் பிறந்தநாள் விருந்து. உன் அண்ணன் கோர்ட் குமாஸ்தா ஆயிற்றே, எனக்குத் தெரியாமல் அலுவலகத்துக்கு எழுதிப்போட்டுப் பதில் வாங்கியிருந்தார். அதைச் சாப்பிடுகிற இடத்தில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். “மெடல் கிடல் ஒண்ணும் கிடையாதாம், அடுப்புல சுட்டுக்கிட்டாராம் மாப்பிள்ளை. கரண்டிக்கு மெடல் குத்துவாங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. உன் அண்ணன் சிரிக்காவிட்டால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாய். நீயும் சிரித்தாய்.

அதற்கு முந்தின வாரம்தான் அந்தத் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாய். அரிசி மாதிரி நழுவுகிறது என்று அப்போதே உன் விரலுக்குத் தெரியும். அதிகாரியிடம் சொன்ன நாலு வார்த்தையில் ஒரு வார்த்தையை அந்தக் கதவோரத்தில் சொல்லியிருந்தால் எனக்கு எந்த அலுவலகமும் வேண்டியிருந்திருக்காது. அலுவலகம் என்னை நம்பாததற்கு நியாயம் உண்டு, அது என்னைத் தொட்டுப் பார்த்ததில்லை.

நான் வீட்டை விட்டுப் போனது உன் அண்ணன் பேச்சுக்காக இல்லை. அவரிடம் நீ பேசியிருக்கலாம் என்று எழுதினேனே, அதனால்தான். பாவம், அவர் மேல் இவ்வளவு வருஷம் வீணாகப் பழி கிடந்திருக்கிறது.

இதைக் கோபமாக எழுதவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. கட்டில் போடவேண்டாம். மெஷின் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், உனக்கு அங்கேதான் வெளிச்சம் வரும்.

குட்டியின் அப்பா

செப்டம்பர் 22

குட்டியின் அப்பாவுக்கு,

சிரித்தது எனக்கு ஞாபகம் இல்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். குட்டி என் கம்மலைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கிறது. யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்னால் அது நடந்திருக்கும். எல்லோரும் சிரித்தால் சேர்ந்து சிரித்துவிடுகிற புத்தி எனக்கு உண்டு. அண்ணனிடம் இனிப் போய் என்ன சொல்வது?

அலைய வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் வந்தேன். குட்டிக்குக்கூடத் தெரியாது. கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருந்தேன். சட்டையில் இடது பக்கம் ஒரு பட்டன் வேறு நிறத்தில் தைத்திருந்தீர்கள். மேடையில் ஏறியதும் எல்லோருக்கும் அதுதான் தெரிந்திருக்கும், போங்கள். முன்வரிசையில் உங்களுக்குப் பக்கத்தில் குடும்பத்தாருக்கு என்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் கத்தரி அண்ணனின் பை இருந்தது. பாதியில் ஒருமுறை நீங்கள் அந்தப் பையை எடுத்துக் கீழே வைத்தீர்கள். எதற்கு எடுத்து வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து வரலாமா என்று நினைத்தேன். கால் வரவில்லை.

கேப்டன் எழுதியதை மேடையில் வாசித்த அதிகாரி அந்த இடம் வந்ததும் கொஞ்சம் தயங்கினார். பிறகு உரக்கவே படித்தார். ‘சமையல்காரர், அண்டா என்று அழைக்கப்பட்டவர்.’ மண்டபமே கொல்லென்று சிரித்தது. நல்ல சிரிப்புதான், அதில் ஒரு கெடுதலும் இல்லை. கத்தரி அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். பதக்கம் குத்திவிட வந்த பெரியவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள், பல்லெல்லாம் தெரிய. நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது நம் கல்யாணத்தன்றுதான்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “ஏம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கை தட்டி முடிப்பதற்குள் கிளம்பிவிட்டேன். இதோடு மற்ற பட்டன்களின் நிறத்திலேயே ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். மாற்றித் தைத்துக்கொள்ளுங்கள்.

குட்டியின் அம்மா