ஒரு மணி நேரம் முந்திய கடிகாரம்

அப்பா,

இன்று காலை அம்மா உங்கள் கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்தார். அடுத்த வாரம் எஸ்.பி.எம். தேர்வு. "மண்டபத்துல டைம் பாக்கணும்லா, கட்டிக்க," என்றார். தோல்வாரில், மாக் மண்டினில் நீங்கள் வேலை பார்த்த பட்டறையின் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. முள் ஓடிக்கொண்டிருக்கிறது. நேரமும் சரியாக இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாங்காக்கிலும் அது பினாங்கு நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. போன வருடப் பள்ளி விடுமுறையில் நீங்களும் நானும் மட்டும் போனோம், இரண்டே நாள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நூலகப் புத்தகத்தைப் பார்த்து நான் பள்ளி நோட்டில் அட்டவணை போட்டிருந்தேன். பாடாங் பெசார் எல்லையில் ரயில் மாறும்போதே சொன்னேன்.

"அப்பா, தாய்லாந்துல ஒரு மணி நேரம் கம்மி. கடிகாரத்த மாத்துங்க."

"மாத்துனா திரும்பி வர்றப்ப மறுபடி மாத்தணும்லா. விடும்மா, மனசுலயே கழிச்சுக்கறேன்."

கைப்பேசியையும் அங்கேயே அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டீர்கள்.

முதல் நாள் ஒழுங்காகத்தான் கழித்தீர்கள். அரண்மனை வாசலில் நான் கேட்பதற்குள் மணி சொன்னீர்கள். சாலையைக் கடக்கும்போது சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல என் கையைப் பிடித்தீர்கள். நான் உதறினேன்.

அட்டவணையின் கடைசி வரி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கோயில். அதற்காகத்தான் நான் அந்த ஊருக்கே வர ஆசைப்பட்டேன். மறுநாள் மதியம் படகுத்துறை வரிசையில் நின்றோம். நமக்கு முன்னால் நான்கே பேர். நீங்கள் மணிக்கட்டைப் பார்த்துப் பதறினீர்கள்.

"ரயில் போயிரும்மா, வா வா."

டாக்சி பிடித்து ஓடினோம். நிலையத்தின் பெரிய கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கழிக்க மறந்திருந்தீர்கள். நானும்தான் மறந்திருந்தேன். அதை அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

திரும்பிப் போக நேரம் போதாது. சும்மா உட்கார்ந்திருக்க மட்டும் நிறைய இருந்தது. நீங்கள் மிளகாய் உப்புப் போட்ட கொய்யா வாங்கி வந்து, ஒரு துண்டைக் குச்சியில் குத்தி நீட்டினீர்கள். நான் புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

"சரி, அந்தக் கோயில் எப்படி இருக்கும்னு சொல்லு. நீதான் படிச்சிருக்கியே."

"கோபுரம் முழுக்க உடைஞ்ச பீங்கான்."

"உடைஞ்ச மங்குலயா கட்டுனாங்க? உங்கம்மா உடைச்சதெல்லாம் சேத்து வச்சிருந்தா நம்ம ஜெலுத்தோங்குலயே ஒண்ணு கட்டியிருக்கலாம்."

சிரிப்பு வந்தது. அதை விழுங்கிவிட்டு, "உங்ககூட வந்ததே தப்பு," என்றேன்.

நீங்கள் கொய்யாப் பையை மடித்து வைத்தீர்கள். ரயில் வந்து நின்றபோது சொன்னீர்கள். "அடுத்த வருசம் வருவோம்லா. அப்ப மாத்தி வச்சுக்கறேன்."

வீட்டில் அம்மா கேட்டபோது, "எல்லாத்தையும் பாத்துட்டோம்," என்றீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தேர்வு, படிப்பு என்று தள்ளிப் போட்டேன். நான்கு மாதத்தில் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடிகாரத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

நீங்கள் சொன்ன அடுத்த வருடம் இதுதான், அப்பா.

வாரின் கடைசி ஓட்டையில் மாட்டியும் கடிகாரம் என் கையில் சுற்றுகிறது. கோயிலைப் பற்றி மேலும் இரண்டு புத்தகங்கள் படித்துவிட்டேன். அந்தப் பீங்கான் எங்கிருந்து வந்தது, எப்படி ஒட்டினார்கள், எல்லாம் தெரியும். அம்மாவிடம் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் பார்த்தாயிற்று என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இப்போது மணி நான்கு. நான் மனதிலேயே கழித்துக்கொள்கிறேன். அங்கே மூன்று. நீங்கள் கொய்யாத் துண்டை நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.