பெரியம்மா என்றால்

அன்பு அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் உடம்புக்குச் சௌக்கியம். மனசைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அத்தானிடம் பிறகு காட்டிக்கொள்ளலாம், முதலில் நீ மட்டும் உட்கார்ந்துகொண்டு படி. போனில் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் வீட்டில் சமையலறையில் தும்மினால் படுக்கையறையிலிருந்து வாண்டு ஜலதோஷமா என்று கேட்பாள். அடுத்த கட்டடத்துத் தையல்காரர் நாளை ஊருக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறினது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று வாண்டுவின் பள்ளிக்கூடத்தில் கலாச்சாரப் பரிமாற்ற விழா. வெளிநாட்டிலிருந்து வந்து குடியிருக்கும் குடும்பங்கள் ஆளுக்கு ஒரு மேசை போட்டு, தங்கள் ஊர் விஷயம் ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் துணி, பொம்மை, மேளம் என்று கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் வீட்டு மேதாவி இருக்கிறாரே, அவர் நம் உறவுமுறைகளைக் காட்டலாம் என்றார். இந்த நாட்டில் அத்தை, மாமி, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான். வேலை பார்க்கும் பெயர்ப்பலகைக் கடையிலிருந்து மிச்ச அட்டைகளை எடுத்துவந்து, அட்டைக்கு ஒரு முறையாகப் பெரிதாக எழுதினார். நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். விளையாட்டுக் கூடத்தில், பந்து போடும் வளையத்துக்குக் கீழே எங்கள் மேசை.

சொன்னால் நம்பமாட்டாய், நல்ல கூட்டம். அப்பாவின் தம்பியும் அம்மாவின் தம்பியும் வேறு வேறு முறையா என்று வாயைப் பிளந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தூணுக்குப் பின்னால் ஒளிந்த கதையை இவர் எடுத்துவிட, விழுந்து விழுந்து சிரித்தார்கள். மொழிபெயர்ப்பு வாண்டுவின் பொறுப்பு. அவளுக்கு இந்த ஊர் மொழி தண்ணீர் பட்ட பாடு. இவருக்குக் கேட்டால் புரியும், சரளமாகப் பேச வராது. எனக்குத் தெரிந்தது சலவைக்கூடத்து மொழிதான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, கறை, சீக்கிரம். அதோடு அந்த நாளில் டாக்டரிடம் நடையாய் நடந்து கற்றுக்கொண்டது கொஞ்சம். வயிறு, வலி, குழந்தை.

எங்கள் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் அம்மாவும் வந்திருந்தார். விரிப்பின் மூலை சற்றுக் கோணினாலும் பிரித்துப் போட்டு மறுபடி மடிக்கச் சொல்கிறவர், எதையும் அரைகுறையாக விடமாட்டார். பெரியம்மா என்ற அட்டையை எடுத்து, இதற்கு நேர் அர்த்தம் என்ன என்று வாண்டுவிடம் கேட்டார். இவர் எனக்கு மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய அம்மா என்றாள். அம்மாவின் அக்கா எப்படி அம்மா ஆக முடியும் என்று அவர் விடவில்லை. வாண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி அவர்கள் மொழியில் மளமளவென்று என்னவோ சொன்னாள். அதில் எனக்குப் பிடிபட்டது இரண்டே வார்த்தை. வயிறு. குழந்தை. இவர் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் சுண்டிப்போயிருந்தது.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள், அக்கா. மேற்பார்வையாளர் அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார், என்ன அழகான வழக்கம் என்றாராம். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் சொன்னதை, திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் இவர் என் காதோடு சொன்னார்.

"மத்தவங்களுக்குப் பெரியம்மான்னா அம்மாவோட அக்கா. எனக்கு அப்படி இல்ல. நான் எங்க பெரியம்மா வயித்துல இருந்த குழந்தை. அதனால அவங்க நிஜமாவே என் பெரிய அம்மா."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், இதை யார் உனக்குச் சொன்னது என்று கேட்டேன். நீதானாம். போன மாதம் போனில் அவள் பாட்டுப் பாடிக் காட்டியதும், பெரியம்மாவுக்கு என்பதற்குப் பதில் அம்மாவுக்கு ஒரு முத்தம் கொடு என்றாயாமே. சொல்லிவிட்டு அழுதாயாமே. அப்புறம் உன் பெரியவனைக் கேட்டிருக்கிறாள். அவன், ஆமாம், யாரிடமும் சொல்லாதே என்றானாம். அவனைத் திட்டாதே. அவளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள் நீ. எட்டு வருஷம் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன், நீ ஒரு பாட்டுக்கு மயங்கி உளறிவிட்டாய். அந்த நிமிஷம் நீ எதிரில் இருந்திருந்தால் அக்கா என்றுகூடப் பார்த்திருக்கமாட்டேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சா அழுவேல்ல. அதான் அவங்க மொழியில சொன்னேன், உனக்குப் புரியாதுன்னு."

எனக்குத் தெரியாதாம். பிரசவ அறை வாசலில் நின்று, ஈரம் காயாத அவளை இந்தக் கையில் வாங்கியவளுக்குத் தெரியாதாம். நான் அவளுக்காக மறைத்ததை அவள் ஒரு மாதமாக எனக்காக மறைத்து வைத்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

அதோடு விட்டாளா? நாள் முழுக்க முறை சொல்லிக்கொடுத்த வாய் அல்லவா. அட்டைகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டே நிதானமாகக் கேட்டாள். "அப்ப முறைப்படி நீ எனக்குச் சித்தியா? இனிமே அப்படித்தான் கூப்பிடணுமா?"

இவர்தான், முதலில் சாப்பிட வா, முறையை அப்புறம் பார்க்கலாம் என்று சமாளித்தார். சாப்பிடும்போது அவள் என்னை அம்மா என்றும் கூப்பிடவில்லை, சித்தி என்றும் கூப்பிடவில்லை. இங்க பாரு, குழம்பு வேணும் என்றாள். இன்று காலை பள்ளிக்கூடம் கிளம்பும்போதும் வாசலில் நின்று, வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எட்டு வயதுப் பிள்ளை, முறை தப்பிவிடக் கூடாது என்று என்னைக் கூப்பிடாமலே இருக்கிறாள்.

அத்தானின் முழங்காலுக்குத் தைலம் இதோடு வருகிறது. சூடு பறக்கத் தேய்க்கச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி.

அக்கா, வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடமே கேட்கப்போகிறாளாம். நீ சொல்வதைத்தான் கேட்பாள். உன்னை அம்மா என்று கூப்பிட ஆசைப்பட்டால் கூப்பிடட்டும், பெற்றவள் நீ, நான் குறுக்கே நிற்கமாட்டேன். லீவுக்கு அனுப்பி வை என்றால் அனுப்பி வைக்கிறேன். முறைப்படி நான் யார் என்று எனக்கும் தெரியும், அட்டையில் எழுதி ஊருக்கே காட்டியாயிற்று. ஆனால் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். என்னைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் தங்கை