பேட்டரியில் எரியும் விளக்கு

பினாங்கு,
12-8-1967

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் சேவுகன் வணங்கி எழுதுவது. நான் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அப்பா போய்விட்டார் என்ற தந்தி கிடைத்தது. கப்பலேற வழியில்லாமல் போயிற்று. நான் வைக்க வேண்டிய கொள்ளியைத் தம்பி வைத்திருப்பான்.

படகு கரையில் நிற்கும்போது விளக்குக்கும் ரேடியோவுக்குமென்று தனி பேட்டரி உண்டு. அதற்குச் சார்ஜ் ஏற்றுவதுதான் என் வேலை. படுப்பதும் சார்ஜ் ஏற்றும் கொட்டகையில்தான். அப்பாவுக்கு விளக்கு வைக்க அகலை எடுத்தேன். கூட வேலைசெய்யும் திருக்கோஷ்டியூர் பெரியகருப்பன் ஓடிவந்து, "என்னண்ணே செய்யிறீக? சார்ஜ் ஏறையில வாயு கிளம்புமே, இங்குட்டு தீ ஆகாது, வெடிச்சுப்போகும்" என்று பிடுங்கிக்கொண்டான். அதனால் ஒரு படகின் பேட்டரியில் சின்ன பல்பை மாட்டி, அப்பா படத்துக்கு முன் எரியவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் படகுக்காரர் வந்தபோது பேட்டரி காலி. எங்கள் சீன முதலாளியிடம் நன்றாக ஏச்சு வாங்கினேன். பெரியகருப்பன் காரணத்தைச் சொன்னதும், முதலாளியே பழைய பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து என் பாயருகே வைத்துவிட்டுப் போனார். ஆகவே கவலைப்படாதீர்கள்.

அப்பாவின் துண்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இங்கே வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. அங்கே பதினாறாம் நாள் காரியம் முடிந்து விளக்கை மலையேற்றியிருப்பீர்கள். நான் இன்னும் அந்தப் பேட்டரிக்குத் தினமும் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வயரைக் கழற்றக் கை வரவில்லை, அம்மா. கழற்றிவிடு என்று நீங்கள் ஒரு வரி எழுதுங்கள்.

சேவுகன்